எதை வைப்பது, எதைக் கழிப்பது

முயல் வளர்க்கிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "அறுக்க மனசு வருதா?" என்பதுதான். போடி கடைவீதியில் கேட்டிருக்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். அறுப்பவர் என் கணவர். கை சுத்தமானவர், கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார். நான் முயல்கறி சாப்பிடுவதில்லை. எந்தக் கறியுமே சாப்பிடுவதில்லை. ஆனால் எந்தக் குட்டி தாயாக நிற்க வேண்டும், எது சட்டிக்குப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறவள் நான்தான். கத்தியைப் பற்றிக் கேட்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கோ பாவம், புண்ணியம் என்று ஒன்று இருந்தால் அது கத்தியிடம் இருப்பதைவிட இந்தத் தீர்ப்பில்தான் அதிகம் இருக்கிறது என்று படுகிறது.

வீடு முந்தலில், போடிமெட்டு ஏறும் சாலை மலையைத் தொடுகிற இடத்துக்குப் பக்கம். தோட்டம் மேட்டுக்கு அந்தப்புறம், பூப்பாறைப் பக்கம்; ஏலம், நடுவில் கொஞ்சம் மிளகு. விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். அதே ஜீப் ஒன்றில் சித்திரை பிறக்கும்போது எங்கள் ஆண் முயல்களும் மலையேறும். முயலுக்கு வெயில் ஆகாது. 30 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஆண் முயலின் விந்து கெட்டு, மழை பெய்து ஊர் குளிர்ந்த பிறகும் ஒன்றிரண்டு மாதத்துக்கு அது சேர்ந்தும் பலன் இருக்காது. பெண் முயல்கள் கீழேயே ஈரச்சாக்கு நிழலில் வெயிலைக் கழிக்கும். அப்போது அவற்றுக்குக் குட்டி போடுவதிலிருந்து ஓய்வு.

முதல் ஜோடிகள் மன்னவனூரிலிருந்து வந்தவை. கொடைக்கானலைத் தாண்டி அங்கே மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இரண்டும் அங்கே உண்டு. முன்னது சிவந்த கண்ணும் பால் நிறமும், பின்னது சாம்பல். இரண்டுமே நன்றாக வளர்ந்தால் நாலு கிலோவுக்கு மேல் போகும். குட்டி 12 வாரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோவைத் தொட வேண்டும். அதுதான் கறிக்குக் கணக்கு.

எடை போடுகிற நாளில் ஏலக்காய் நிறுக்கிற தராசை வெளித்திண்ணையில் வைத்துக்கொள்வேன். பக்கத்தில் நோட்டு. தாய் எது, தகப்பன் எது, எத்தனை போட்டது, பால்குடி மறக்கும்போது எத்தனை மிஞ்சியது என்பதெல்லாம் அதில் இருக்கும். எடை என்பது பாதிக் கதைதான். குட்டியை மல்லாத்திப் பிடித்துக் காம்பை எண்ண வேண்டும். எட்டுக்குக் குறைந்த பெண் தாய்க்கு ஆகாது, எட்டுக் குட்டி போட்டால் பாலுக்கு அடித்துக்கொள்ளும். பின்னங்கால் அடியில் ரோமம் அடர்த்தியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிவலைத் தரையில் ரோமம் தேய்ந்த பாதம் புண்ணாகும், புண்ணான பாதத்தோடு வாழ்நாள் முழுக்க ஒரு உயிர் கூண்டில் உட்கார்ந்திருக்கும். காதுக்குள் சிரங்கு, மூக்கில் நீர், முன்னங்காலில் மூக்கைத் துடைத்துத் துடைத்து ஒட்டிய ரோமம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இனவிருத்திக்குக் கிடையாது. கடைசியாக உதட்டை விலக்கிப் பல்.

இந்தப் பல்லில்தான் எனக்குச் சமய விசாரமே தொடங்கியது. முயலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒன்றையொன்று உரசித் தேய்த்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கை பிசகினால் பல் வளைந்து வெளியே நீண்டு, தீவனம் முன்னால் இருக்கும்போதே முயல் பட்டினி கிடந்து சாகும். இந்தக் கோளாறு பெரும்பாலும் பிறவியில் வருவது. தாய்க்கும் தகப்பனுக்கும் பல் ஒழுங்காக இருக்கும், இரண்டுக்குள்ளும் கோளாறு ஒளிந்திருக்கும், குட்டியில் வந்து தலைகாட்டும்.

என் பிறந்த வீடு சைவம். அப்பா பரமசிவன் கோயிலுக்கு மலையேறாத திங்கட்கிழமை கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிவஞானபோதம் பற்றிப் பேச நாலு பேர் திண்ணைக்கு வருவார்கள். நான் கிடா வெட்டுகிற வீட்டுக்கு விரும்பிப் போனேன். அப்பா கொஞ்ச காலம் பேசாமல் இருந்துவிட்டு, பேத்தி பிறந்ததும் வந்தார். வந்தவர் கூண்டுகளைப் பார்த்துத் திட்டவில்லை. ஒரு குட்டியின் வளைந்த பல்லைக் காட்டியபோது மட்டும், "பாப்பா, உடம்பு அவன் கொடுக்கிறது. வினைக்குத் தக்க உடம்பு" என்றார்.

மெய்கண்டார் வழியில் வந்தவர்களுக்கு இது அடிப்படைப் பாடம். உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் இறைவன் கூட்டித் தருகிறான். உடம்பு, கருவிகள், இருக்க உலகம், நுகர்ச்சி. உயிர் அநாதி, யாரும் படைத்ததல்ல. அதற்குச் சட்டை மாற்றித் தருவதுதான் பிறப்பு. சரி. ஆனால் அந்தப் பல்லின் தகப்பனை அதன் தாயின் கூண்டுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது யார்? அந்தப் பெண் முயலைத் தூக்கி ஆணின் கூண்டுக்குள் விட்டது என் கை. (பெண்ணைத்தான் ஆணிடம் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்துக்குள் வந்தவனைக் கடித்து விரட்டும்.) முயலுக்கு மாதச் சுழற்சி என்று ஒன்று கிடையாது, சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். அதாவது நான் கதவைத் திறக்காமல் அங்கே ஒரு பிறவி கிடையாது. திறந்தால் சுமார் 31 நாளில் பிறவி.

அப்பாவிடம் கேட்டேன், "அப்ப எனக்கு இதில் பங்கே இல்லையா?" அவர் யோசித்துவிட்டு, "கருவியா இருக்கிறதுக்கும் கணக்கு உண்டு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

புகுந்த வீட்டில் இந்தக் கேள்வி வேறு பக்கமிருந்து வந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடும் கிடாயைத் தேர்ந்தெடுக்க என் மாமியாரைப் போல் ஆள் கிடையாது. காது அறுபட்டது ஆகாது, கொம்பு ஒடிந்தது ஆகாது, நொண்டி ஆகாது. மந்தையில் எது கண்ணை நிறைக்கிறதோ அது சாமிக்கு. இஸ்லாத்தில் குர்பானிக்கும் அப்படித்தான். கண் தெரியாததும் நோய்ப்பட்டதும் மெலிந்ததும் கூடாது. பழைய ஏற்பாட்டில் மல்கியா தீர்க்கதரிசி குருட்டையும் நொண்டியையும் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறவர்களைத் திட்டுகிறார். உலகம் முழுக்கக் கடவுளுக்குச் சிறந்ததைக் கொடு என்றுதான் இருக்கிறது.

இனவிருத்திக்கு வைப்பவள் செய்வதோ நேர் எதிர். சிறந்ததை நான் கொடுப்பதில்லை, வைத்துக்கொள்கிறேன். குறைப்பட்டதுதான் சாகும். சாமிக்குக் கொடுக்கும் வீட்டில் சாவு ஒரு மரியாதை. என் கூண்டில் சாவு ஒரு மதிப்பெண். மாமியார் முதலில் இதை ரசிக்கவே இல்லை. "நல்லதா இருந்தா ஆயுசு, சோதாவா இருந்தா கொழம்பா? சாமி கூட அப்படி வெச்சுப் பாக்காதுத்தா" என்றார். சரியான அடி அது, என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குலதெய்வம் கருப்பணசாமி கேட்பது கிடாயைத்தான், பெட்டையைக் கேட்பதில்லை. நூறு ஆட்டு மந்தைக்கு நாலைந்து கிடா போதும். சாமி எடுத்துக்கொள்வது மந்தை தாங்கக்கூடிய இழப்பைத்தான். அந்தச் சடங்கை வகுத்தவர்கள் ஆட்டுக்காரர்கள், சந்தேகமில்லை.

கிடாய்க்கு இன்னொரு சலுகையும் உண்டு. வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் உத்தரவு. துலுக்காவிட்டால் காத்திருப்பார்கள், சாமியாடி கெஞ்சுவார். ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்கிறோம் என்ற மன ஏற்பாடு வேண்டியிருக்கிறது. 2003 ஆகஸ்டில் 1950ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துக் கோயில் பலியை அரசு தடுத்தபோது எங்கள் பக்கம் கிராமங்களில் வந்த கோபம், கறி கிடைக்காத கோபம் அல்ல. கறிக்கடை திறந்துதானே இருந்தது. கேட்டுவிட்டுக் கொல்வது குற்றம், கேட்காமல் கொல்வது வியாபாரம் என்றா சொல்கிறீர்கள் என்ற கோபம். மறு வருஷமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

முயலுக்கு இது எதுவும் இல்லை. எங்கள் பக்கம் எந்தச் சாமியும் வீட்டு முயலைக் கேட்பதில்லை. குர்பானிக்கு அது சேராது. லேவியராகமம் அதை அசைபோடும் மிருகம், ஆனால் விரிகுளம்பு இல்லாதது என்று சொல்லி விலக்கிவிட்டது. (அசை என்பது உண்மையில் அது இரவில் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்று இரண்டாம் முறை செரிப்பதாக இருக்கலாம்.) சன்னி முஸ்லிம்கள் சாப்பிடலாம், ஷியாக்கள் கூடாது என்பார்கள். ஐரோப்பாவில் ஒரு கதை நெடுநாள் ஓடியது: 600ஆம் ஆண்டு வாக்கில் போப் கிரிகோரி, பிறந்த சூட்டோடு உள்ள முயல்குட்டி மாமிசமல்ல, நோன்பில் தின்னலாம் என்று உத்தரவு போட்டார், அதனால் துறவிகள் மடத்தில் முயல் வளர்க்கத் தொடங்கினார்கள், அப்படித்தான் வீட்டு முயல் உண்டானது என்று. 2018இல் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு உத்தரவே இல்லை. தூர் நகரத்துக் கிரிகோரி என்ற இன்னொருவர் நோன்பில் முயல்குட்டி தின்ற ஒருவனைப் பற்றி எழுதியது திரிந்து போயிருக்கிறது.

முயல் சம்மதம் தந்த கதை ஒன்று உண்டு. புத்த ஜாதகத்தில் பசித்த அந்தணனுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லாத முயல், நெருப்பு மூட்டச் சொல்லித் தானே குதிக்கிறது. அந்தணனாக வந்தவன் சக்கன், அதாவது இந்திரன். அவன்தான் பிறகு நிலாவில் முயலின் உருவத்தை எழுதினான். குதிக்கும் முன் அது மூன்று தடவை உடம்பை உதறுகிறது, ரோமத்தில் இருக்கும் பூச்சிகள் தன்னோடு வெந்துவிடக் கூடாதாம். அந்த உதறலைப் படிக்கும்போதெல்லாம் மஞ்சள் தண்ணீரில் சிலிர்க்கும் கிடா நினைவுக்கு வரும். ஒன்று பூச்சிக்காக உதறுகிறது, இன்னொன்றின் உதறலை நாம் நமக்காக வாசிக்கிறோம்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள். எறும்பு சாகாமல் நடக்கச் சொன்னவர்கள் மேலே, அரிவாள் பிடித்த காவல்தெய்வம் பக்கத்தில். அங்கே நின்றால் எனக்குச் சண்டையாகவே தெரியாது, என் இரண்டு வீடுகளும் தெரியும். சமணர்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மனுஸ்மிருதி இன்னும் நீட்டி எட்டுப் பேரைக் கொலைக்காரர் பட்டியலில் வைக்கிறது: அனுமதித்தவர், துண்டாடியவர், கொன்றவர், வாங்கியவர், விற்றவர், சமைத்தவர், பரிமாறியவர், தின்றவர். வள்ளுவரும் தின்கிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இருக்கமாட்டான் என்று சந்தையைத்தான் பிடிக்கிறார். எட்டுப் பேரில் நானும் ஒருத்தி, அனுமதித்தவள் என்ற பெயரில். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு ஆள் குறைகிறது. சாகப்போகும் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர் எங்கே? கொலை என்பது இருக்கிற ஒன்றுக்குச் செய்வது. நான் செய்வது இன்னும் இல்லாத ஒன்றுக்கு, அதன் பிள்ளைக்கு, பிள்ளையின் பிள்ளைக்கு. அவர்கள் காலத்தில் ஆடும் மாடும் எல்லார் வீட்டிலும் இருந்தும் இதை யாரும் கேட்காமல் போனது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆதியாகமத்தில் கிட்டத்தட்டக் கேட்டிருக்கிறார்கள். இராயப்பன்பட்டியிலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கும் அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரியும். யாக்கோபு மாமன் லாபானின் ஆடுகளை மேய்க்கிறான். புள்ளியும் வரியும் உள்ளது தனக்குக் கூலி என்று ஒப்பந்தம். பட்டை உரித்த கொப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைக்கிறான், அதுவும் பலமான ஆடுகள் பொலியும்போது மட்டும். சோனியானவை லாபானுக்குப் போகின்றன. கொப்பைப் பார்த்துக் குட்டிக்கு வரி விழாது என்பது கிடக்கட்டும், பலமானதைப் பிரித்தான் பார், அது சுத்தமான இனவிருத்தி. அடுத்த அதிகாரத்தில் மனைவியரிடம், தேவன்தான் உங்கள் தகப்பனின் மந்தையை எனக்குத் தந்தார் என்கிறான். "செய்றதெல்லாம் செஞ்சுட்டு சாமி மேல போட்டுட்டான் பாரு" என்று அக்கா சிரித்தார். எனக்கு அப்பா சொன்ன கருவிக் கணக்கு ஞாபகம் வந்தது.

என் கணவரிடம் ஒரு வாதம் உண்டு. "நாம வளக்கலைன்னா இந்த உசுரே இல்ல. மூணு மாசம்னாலும் தின்னுட்டு வெளையாண்டுட்டுத்தான போகுது." இதையே இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்டீபன் என்பவர் பன்றியை வைத்து 19ஆம் நூற்றாண்டில் சொல்ல, பிறக்காத ஒன்றுக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று ஹென்றி சால்ட் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் சண்டை அவர்களோடு. தமிழில் இந்த வாதம் இன்னும் மோசமாகச் சறுக்கும். காரைக்கால் அம்மையாரிலிருந்து இங்கே உருகியவர்கள் பலரும் கேட்டது பிறவாமை. பிறந்ததே லாபம் என்று சொன்ன அடியார் அபூர்வம். அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் கதவைத் திறந்து மாதத்துக்கு எட்டுப் பிறவி உண்டாக்குகிறேன்.

நிறுத்திவிடலாமே என்றால், நிறுத்தவில்லை. வீட்டில் கறி தின்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழியை வாங்கலாம். நாற்பது நாளில் இரண்டு கிலோ. வளர்ச்சி ஒன்றையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், தன் எடையைத் தன் காலே தாங்காத உடம்பு. இதில் யாரும் பேசாத ஒரு பகுதி உண்டு. அந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழியும் சேவலும் வயிறாரத் தின்றால் கொழுத்து முட்டைக்கும் சேர்க்கைக்கும் ஆகாமல் போய்விடும், அதனால் வாழ்நாள் முழுக்க அளந்து பசியிலேயே வைக்க வேண்டும். பசி அடங்காத உடம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பசியையே உணவாகக் கொடுப்பது. கத்தி அதற்குச் செய்வது அதைவிடக் கொடுமை என்று எனக்குத் தோன்றவில்லை. தனுவும் போகமும் இறைவன் கூட்டுவது என்ற வாக்கியம் அந்தக் கொட்டகையில் என்ன அர்த்தம் தரும் என்று அப்பாவிடம் கேட்க ஆசைதான். அவர் இப்போது இல்லை.

ஆகவே எடைக்கு நான் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். இரண்டு கிலோவை எட்டியவற்றுக்குள் எது மிகப் பெரியது என்று பார்ப்பதில்லை. எட்டியவற்றுக்குள் எது நன்றாக வாழும் என்று பார்க்கிறேன். பாதம், பல், மூச்சு, காம்பு. தாய்க்குணம். பிரசவத்துக்கு முன் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போடுகிறதா, குட்டியை வெளியே சிதற விடுகிறதா, தின்கிறதா. குட்டி போட்ட அன்றே மறுபடி சேரத் தயாராக இருக்கும் மிருகம் அது. பாலும் கொடுத்துக்கொண்டு வயிற்றிலும் சுமக்க வைத்து வருஷத்துக்கு எட்டு ஈற்று எடுக்கிறவர்கள் உண்டு. நான் குட்டி பிரிந்த பிறகே சேர்க்கிறேன், நாலைந்து ஈற்றோடு சரி. இதனால் ஆகும் பாவக் குறைப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு சாம்பல் தாய் இருந்தது. குட்டிப் பெட்டிக்குள் கை விட்டால் உறுமிக்கொண்டு இரண்டு முன்னங்காலாலும் அறையும். என் முழங்கை வரை கீறல். சாதுவானதை வை, கடிப்பதைக் கழி என்பது எல்லாக் கையேட்டிலும் இருப்பது. கையை நம்பும் மிருகத்தையே தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் கிடைப்பது, கத்தியோடு வரும் கையையும் நம்பும் மிருகம். மாமியார் அதைக் கழிக்க விடவே இல்லை. "பிள்ளைக்காக அறையுது, அது தப்பா?" என்றார். குட்டி பிரிந்தபின் அது யாரையும் அறைந்ததில்லை. அதன் ஈற்றில் குட்டி சாவதும் மிகக் குறைவு. அதன் மகள்கள் இரண்டு இன்றும் இருக்கின்றன, இரண்டும் அறையும்.

முறை பார்ப்பது தனி வேலை. அண்ணன் தங்கையைச் சேர்க்கக் கூடாது, அப்பன் மகளைச் சேர்த்தால் நல்லதும் இறுகும், ஒளிந்திருந்த கோளாறும் வெளியே வரும். மாமன் மகளைக் கட்டாவிட்டால் கோபித்துக்கொள்கிற ஊரில், முயலுக்கு மட்டும் ரத்த உறவு விலக்கி வரன் தேடுகிறோம் என்று தோட்டத்து ஆட்கள் கேலி செய்வார்கள்.

இப்போதும் அப்படி ஒரு தேடல் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெரிய வெள்ளை ஆண், எடையில் அதை மிஞ்ச ஆளில்லை. அதன் குட்டிகள் 12 வாரத்துக்கு முன்பே தராசில் இரண்டைத் தாண்டிவிடும். போன ஈற்றில் ஒரு குட்டிக்குப் பல் பிசகியிருந்தது. தாய் வேறு ஆணோடு சேர்ந்தபோது அப்படி வரவில்லை என்றாலும் அதிலிருந்து தகப்பன் மேல் மட்டும் பழி போட முடியாது; இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளியில் தெரியும். கணவர் ஒரு குட்டிக்காக இவ்வளவு நல்ல ஆணைக் கழிப்பதா என்கிறார். மாமியார் இந்தத் தடவை அவர் பக்கம். நான் நோட்டில் அதன் பெயருக்கும் அந்தத் தாயின் பெயருக்கும் நேரே கோடு போட்டுவிட்டேன். தை பிறந்ததும் மன்னவனூருக்கு ஆள் அனுப்பி வேறு ரத்தத்தில் ஒரு ஆண் கொண்டுவர வேண்டும், வெயில் வருமுன் அதை மேலே ஏற்றிவிட வேண்டும்.